இடப்பக்கம் அவளுக்கு, வலப்பக்கம் இவளுக்கு

நம் நூலகத்துச் சிறுவர் பிரிவின் நாற்காலிகள் மிகவும் தாழ்வானவை. உட்கார்ந்தால் முழங்கால் தாடையை முட்டும். ஒரு வருடமாக அங்கே உட்கார்ந்துதான் புத்தகங்களுக்கு அட்டை போடுகிறேன். முதுகுவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நடந்ததை ஏதோ மனக்குறையில் செய்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, மேடம். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். விளக்கம் எழுத்தில் வேண்டும் என்றீர்கள். நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தேதி தவறாது.

மாலை வகுப்பில் சிறுவர் கதை எழுதக் கற்கிறேன். இந்தப் பருவத்துப் பயிற்சி, தோழமை முறிந்து தவிக்கும் குழந்தைக்கு உதவுகிற ஒரு படக்கதை. கூடவே ஒரு படிவம் உண்டு. படிப்பதற்கு முன் குழந்தை எப்படி இருந்தது, படித்த பின் எப்படி இருக்கிறது என்று இரண்டு கட்டங்களை நிரப்ப வேண்டும். வாத்தியார் கண்டிப்பானவர். "குழந்தைகிட்ட குடுத்துப் பாக்காத கதை, உப்புப் பாக்காத சமையல்" என்பார்.

நல்ல கதை எழுத என்னால் முடியுமா என்பதே எனக்குச் சந்தேகம். படிவத்தையாவது ஒழுங்காக நிரப்பலாம் என்று நினைத்தேன். ஆனால் எனக்குத் தெரிந்த குழந்தைகள் எல்லோரும் நன்றாக இருந்தார்கள்.

முக்கியமாக இரண்டு பேர். ஒருத்தி என் அக்கா மகள், எட்டு வயது. இன்னொருத்தி அவளுடைய தோழி, கண்ணாடி போட்டவள். நாட்குறிப்பில் அவள் பெயர் 'கண்ணாடி'. அக்கா மகள் என்னைச் சித்தி என்பதால் அவளுக்கும் நான் சித்திதான். தினமும் பள்ளி விட்டதும் வந்து, ஒரே புத்தகத்தை இரண்டு மடிக்கும் நடுவில் விரித்துக்கொள்வார்கள். இடப்பக்கம் கண்ணாடிக்கு, வலப்பக்கம் அக்கா மகளுக்கு. முறை வைத்துச் சத்தமாகப் படிப்பார்கள். நகமும் சதையும் மாதிரி. ஒரு மாதம் கவனித்தேன். முன் கட்டத்தில் எழுத ஒரு வரிகூடத் தேறவில்லை.

ஏழாம் தேதி, கண்ணாடி தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அக்கா மகளிடம் சொன்னேன்: "உனக்கு ரொம்பப் பொறுமைடி. அவளுக்காக எவ்ளோ நேரம் காத்துட்டிருக்க."

"நானா? காத்துட்டா இருக்கேன்?"

"பின்ன? அவ ஒரு பக்கம் படிக்கிறதுக்குள்ள நீ ரெண்டு பக்கம் முடிச்சிருப்ப."

பாராட்டுதான். ஒன்பதாம் தேதி கண்ணாடியைத் தனியே பிடித்தேன். "பாவம்னு நெனச்சுதான் அவ உன்கூட உக்காருறா. அதனால என்ன, நல்ல மனசு." அதுவும் பாராட்டுதான், வேறொருத்திக்கு.

பன்னிரண்டாம் தேதி ஆளுக்கொரு புத்தகம் எடுத்தார்கள். பதினான்காம் தேதி ஆளுக்கொரு மேசை. பதினாறாம் தேதி அக்கா மகள் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டு அவளை 'ஆமை' என்று கூப்பிட்டாள். பதினெட்டாம் தேதியிலிருந்து கண்ணாடி வரவில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை, பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி என்கிறாள் என்று அவள் அம்மா வந்து சொன்னார். எந்தப் பக்கம் வலி என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். முன் கட்டம் போதாமல் தாள் ஒட்ட வேண்டியதாயிற்று.

அதன்பின் கதை தானாக வந்தது. இரண்டு அணில்கள், நடுவில் ஒரு நரி. நரி என்ன பேசும் என்பதுதான் பிடிபடவில்லை. கற்பனை எனக்குக் கொஞ்சம் மட்டு. எனவே நாட்குறிப்பில் இருந்ததையே வரி பிசகாமல் எடுத்து நரியின் வாயில் போட்டேன். அக்கா மகளுக்கு ஒரு பிரதி, கண்ணாடியின் அம்மாவிடம் ஒரு பிரதி. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும்மா" என்றார். எனக்குக் கூச்சமாகப் போயிற்று. கதையில் எழுத்துப்பிழை ஏதும் இருந்துவிடுமோ என்று அன்று முழுவதும் கவலை.

இரண்டே நாள். கண்ணாடி தன் பிரதியைத் தூக்கிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். மறுநாள் இருவரும் சேர்ந்து என் மேசைக்கு வந்தார்கள்.

"சித்தி, இது நீங்க என்கிட்ட சொன்னதுதானே?" கண்ணாடி விரல் வைத்து, சொல் சொல்லாகப் படித்துக் காட்டினாள்.

"என்கிட்ட சொன்னது இங்க இருக்கு" என்றாள் அக்கா மகள். "அப்ப நரி நீதானா சித்தி?"

"நரி கற்பனைப் பாத்திரம்."

"வாடி, பெரிய மேடம்கிட்ட போலாம்" என்றாள் கண்ணாடி. வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை. இருவரும் கைகோத்துக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தது அப்போதுதான்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: ஆம், அவர்களைப் பிரித்தது நான்தான். திட்டம் போட்டு, தேதி வைத்துப் பிரித்தேன். சேர்த்து வைத்தது என் புத்தகம் என்பதையும் கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். பின் கட்டத்தில் 'முழு வெற்றி' என்று எழுதிப் படிவத்தைக் கொடுத்தாயிற்று.

ஒன்றுதான் மனதை அறுக்கிறது. பதினொரு நாட்களாக இருவரும் என்னோடு பேசுவதில்லை. நான் பக்கத்தில் போனால் எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கு ஏதோ பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. காதோடு காதாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து மூன்றாவது ஆளை இப்படி ஒதுக்கலாமா? ஒரு காரணமும் இல்லாமல் குழந்தைகள் இவ்வளவு கொடுமை செய்வார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை, மேடம்.