மே இருபதோடு நின்றவர்

பதினைந்தாம் தேதி நெருங்கினால் எனக்குச் சோறு இறங்காது. அன்றைக்குள் தொழிலாளர்களின் இ.எஸ்.ஐ., பி.எஃப். எல்லாம் கட்டியாக வேண்டும். முகம்மது கவுஸ் பாயின் மாங்கூழ்க் கம்பெனியில் ஒன்பது வருடமாகச் சம்பளக் கணக்கு என் பொறுப்பு. ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. இதையும் என் வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிக்கொள்ளலாம், ஐயா.

விதி மாறிக்கொண்டே இருக்கும். அதற்குத் தக்கபடி சாஃப்ட்வேரும் மாறும். பாய் பழத்தை முகர்ந்தே ரகம் சொல்லுவார், கம்ப்யூட்டர் என்றால் காத தூரம் ஓடுவார். "எல்லாம் நீ பாத்துக்க மாதவராஜு" என்பார். பார்த்துக்கொண்டேன்.

இந்த ஜூனில் புது சாஃப்ட்வேர் போட்டோம். பழையது பெயரில் ஓரெழுத்து பிசகினாலும் கண்டுகொள்ளாது. புதியது ஆதாரோடு ஒத்துப்பார்க்கும். ஒருவர் பெயர் இடித்தாலும் அறுபத்துமூன்று பேரின் கணக்கும் ஏறாது. இடித்தது தீர்த்தம்மாளின் பெயர். பென்னாகரம் பக்கத்து ஊர்க்காரர், கூழ் காய்ச்சும் கொப்பரையில் வேலை. ஆதாரில் 'தீத்தம்மா' என்று இருந்தது.

சாஃப்ட்வேர் கொடுத்த சோஹைலுக்குப் போன் போட்டேன். "அந்தம்மா இ-சேவை மையத்துல பேரைத் திருத்திட்டு வரட்டும்ணே. பத்து நாள் ஆவும். அதுவரைக்கும் ஃபைல் ஏறாது" என்றான். அன்று தேதி பதினான்கு.

அபராதம் பெரிய தொகையில்லை. ஆனால் தாமதம் என்று பதிவாகிவிடும். அதனால் தீர்த்தம்மாளின் பெயருக்கு எதிரே, 'மே இருபதோடு வேலையை விட்டு நின்றார்' என்று போட்டேன். ஃபைல் உடனே ஏறியது. ஜன்னலுக்கு வெளியே அவர் கொப்பரையைத் துழாவிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் லீவு கேட்பார், சீசனோ மும்முரம். சம்பளத்தை வவுச்சர் எழுதிக் கையில் கொடுத்தேன். ஒரு பைசா குறைக்கவில்லை.

ஜூலை நான்காம் தேதி கொப்பரையின் வால்வு பிய்த்துக்கொண்டது. கொதிக்கிற கூழ் அவர் மார்பிலும் கைகளிலும் கொட்டியது. சேலத்தில் தீக்காயத்துக்கு நல்ல தனியார் ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. இ.எஸ்.ஐ. இருந்தால் காசு வாங்க மாட்டார்கள். அங்கே சேர்த்தோம்.

பழம் வாங்க ஆந்திரா போயிருந்த பாயிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "உள்ளதைச் சொல்லி எழுதிக் குடுத்துடுப்பா. என்ன அபராதமோ கட்டிக்கலாம்" என்றார். நல்ல மனிதர். ஆனால் பெயரை நீக்கியவன் நான். கேஸ் என் தலையில்தான் விடியும். "அப்படியே பண்ணிடறேங்க பாய்" என்றேன்.

மறுநாள் தீர்த்தம்மாள் பெயரில் ஒரு ராஜினாமாக் கடிதம் அடித்து, மே இருபது என்று தேதி போட்டு, மைப்பெட்டியோடு சேலம் போனேன். அவர் மகள் கலைமதி மருந்து வாங்கப் போயிருந்தாள். தீர்த்தம்மாளின் வலக்கை முழுக்கக் கட்டு. இடக்கையில் பெருவிரல் மட்டும் வெளியே இருந்தது. அதிலும் கொப்புளம். மையில் தொட்டு, கடிதத்தில் மெதுவாகத்தான் அழுத்தினேன்.

"எதுக்குங்க சார் இது?"

"உங்க பேரு ஆதார்ல தப்பா இருக்குதுங்க. அதைத் திருத்த."

"அதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? நீங்க நல்லா இருக்கணுங்க."

மே மாதக் கடிதத்தின் ரேகையில் ஜூலை மாதக் கொப்புளம் விழுந்திருப்பதை நீங்கள் காட்டித்தான் பார்த்தேன். என் கவனக்குறைவு.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார்.

"தீர்த்தம்மாள் வேலைய வுட்டு நின்னுட்டாங்கன்னு காட்டுதுங்க சார். இல்லைன்னு ஒரு மெயில் போடுங்க, போதும். ஆபரேஷனுக்கு எடுத்துக்குவோம்."

"மே மாசமே நின்னுட்டாங்களே."

"நிச்சயமாங்களா சார்?"

"கடுதாசியே இருக்குதுங்க" என்றேன். குரலை உயர்த்தவில்லை.

முன்பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். கலைமதியிடம் அவ்வளவு இல்லை. தாயை வேனில் ஏற்றிக்கொண்டு வேறு இடம் தேடியதில் இரண்டு நாள் போய்விட்டது. ஏழாம் நாள் தீர்த்தம்மாள் இறந்தார்.

கலைமதி ஆபீசுக்கு வந்தாள். "எங்கம்மா உங்க கண்ணு முன்னாலதானுங்களே வேலை செஞ்சாங்க?" என்று கேட்டாள். கடிதத்தைக் காட்டினேன். வெகுநேரம் அந்த ரேகையையே பார்த்துவிட்டு, பாயின் அறைக்குப் போனாள். அதன்பிறகு பாய்தான் அவளை உங்களிடம் கூட்டி வந்தார் என்று தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை.

அந்தப் போனில் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். மறுக்கவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும்?

மற்றபடி, அந்தம்மா மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது, ஐயா.