இடது குதிகால்

அக்கா: சாக்ஸ் போட்டிருக்கியா? நீயா?

தம்பி: ஏன், நான் போடக் கூடாதா?

அக்கா: டைல்ஸ் பதிக்கிறவன், நாள் பூரா வெறுங்காலோட நிக்கிறவன். வீட்டுக்குள்ள சாக்ஸ் எதுக்குடா?

தம்பி: தரை ஜில்லுன்னு இருக்குக்கா. டீ ஆறுது, குடி.

அக்கா: ஊருக்கெல்லாம் தரை போடுற... உன் சமையல்கட்டு பாதியிலயே நிக்குது.

தம்பி: மீதிக்கு என்ன கலர்னு என் பொண்டாட்டி சொல்லல. அதுக்குள்ள என்னை விட்டுட்டுக் கிளம்பிட்டா. மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. உன் ஆபீஸ் என்னாச்சு? இன்னும் புத்துநோய்க் கணக்குதானா?

அக்கா: இப்போ மெலனோமா. தோல்ல வர்ற புத்து, மச்சம் மாதிரி ஆரம்பிக்கும். நாடு முழுக்க எங்கெங்க, யார் யாருக்குன்னு மேப்ல கலர் அடிக்கிறோம்.

தம்பி: சின்ன வயசுல சுவத்துல கலர் அடிச்சு அடி வாங்கின. இப்போ சம்பளம் வாங்குற.

அக்கா: சிரிக்காத. கடலோரம் பூரா கருஞ்சிவப்பு. இந்த நாட்டு வெள்ளைக்காரங்களோட வெளுத்த தோலு, வெயிலு... ஆம்பளைங்களுக்கு அதிகமா முதுகுல, பொம்பளைங்களுக்குக் கால்ல.

தம்பி: அப்போ நமக்குக் கவலையில்ல. நம்ம நிறத்தப் பாத்தா வெயிலே பயப்படும்.

அக்கா: எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. நம்ம மாதிரி தோலுக்கு ரொம்பக் கம்மிதான். மேப்ல தெரியவே தெரியாது. ஆனா நோய் வந்தவங்க முத்திப்போன பிறகுதான் டாக்டர்கிட்ட வர்றாங்க. உடம்புல எங்க வருது தெரியுமா?

தம்பி: டீ சூடு பண்ணவா?

அக்கா: உட்காரு. உள்ளங்கால்ல, குதிகால்ல, நகத்துக்கு அடியில. வெயிலே படாத இடம். யாரு திருப்பிப் பாக்குறா? அதுலயும் தனியா இருக்கிற ஆம்பளைங்க...

தம்பி: அவங்களுக்கு என்ன கலரு?

அக்கா: அவங்களுக்குன்னு கலர் இல்லடா. டாக்டர்கிட்ட எல்லாருக்கும் கடைசியா வந்து சேருவாங்க. அவ்வளவுதான். சாக்ஸைக் கழட்டு.

தம்பி: நாத்தம் அடிக்கும்.

அக்கா: உனக்கு மூக்கு சிந்தி விட்டவ நான். கழட்டு.

தம்பி: சிமெண்ட் அரிச்ச புண்ணுக்கா, அது ஒண்ணும்...

அக்கா: புண்ணுன்னு நான் சொல்லவே இல்லியே. இடது குதிகால். அதானே?

தம்பி: உனக்கு எப்படி...

அக்கா: உன் பொண்டாட்டி போன் பண்ணா. "நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கிறார், நீங்க போய்ப் பாருங்க அண்ணி"ன்னு அழுதா. வந்ததுமே சொல்லியிருக்கணும்... எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. அதான் மேப்பு, கலருன்னு சுத்தி வளைச்சேன்.

தம்பி: அழுதாளா?

அக்கா: அதைக் கேக்குற நேரமா இது? காலைக் காட்டு.

தம்பி: அவதான் முதல்ல பாத்தா. கால்ல ஒட்டின சிமெண்டைச் சுரண்டி விடுறப்போ. அப்போ மிளகு அளவு இருந்துச்சு.

அக்கா: இப்போ... ஐயோ! டேய்... ரத்தம் கசியுதுடா. ஓரமெல்லாம் பரவியிருக்கு.

தம்பி: வலிக்கலக்கா.

அக்கா: வலிச்சிருந்தா ஓடியிருப்பியே! போனதுலேர்ந்து மாசா மாசம் போன் பண்ணி "டாக்டர்கிட்ட காட்டினியா"ன்னு கேட்டாளாம். "அடுத்த வாரம், அடுத்த வாரம்"னே சொன்னியாம். தெரிஞ்சும் ஏன்டா போகல? பயமா?

தம்பி: பயமெல்லாம் இல்ல.

அக்கா: பின்ன என்னடா?

தம்பி: அவ போன் பண்றதே அதைக் கேக்க மட்டும்தான்க்கா. "காட்டிட்டேன்"னு சொல்லிட்டா... அப்புறம் எதுக்குப் பண்ணுவா?