ஈமு எண்ணெய்க்காரி வீட்டு மாப்பிள்ளை

அசையாதீங்க மாப்பிள்ளை. அசைஞ்சா ரத்தம் இன்னும் கொட்டும். தொடைக்கு மேல துண்டைப் போட்டு இறுக்கியிருக்கேன், அவிழ்ந்துச்சுன்னா மறுபடி கட்ட என் கையில பலம் இல்ல. கத்தாதீங்க. நீங்க கத்தினா அது மிரளும். அதோ மூலையில நிக்குது பாருங்க, தலையில சாக்ஸ் மாட்டினதும் எப்படி அடங்கிடுச்சு! உங்க மாமா விட்டுட்டுப் போன பழைய சாக்ஸ்தான். கண்ணு மறைஞ்சா ஈமுவுக்கு ராத்திரி ஆயிடும், அப்படியே நின்னுடும்.

இதுவா? நம்ம எண்ணெய்தான். புண்ணு மேல ஊத்தமாட்டேன், பயப்படாதீங்க. சுத்தி வீங்குது பாருங்க, அங்க மட்டும் லேசா. பாட்டில்ல ஒட்டுற சீட்டுல மூட்டுவலி, பித்தவெடிப்பு, முகச்சுருக்கம், தீக்காயம்னு அடிச்சு வச்சிருக்கோம். சத்தியம் பண்ணிச் சொல்லச் சொன்னா சொல்லமாட்டேன். தடவினா தோல்ல இறங்கும், மழமழன்னு இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஊரெல்லாம் வாங்கிட்டுப் போய் மூஞ்சியில பூசிக்கிறாங்களே, எப்படி வருதுன்னு ஒருத்தராவது கேட்டிருப்பாங்களா?

சாக்ஸ மாட்டி, பின்னால இருந்து ரெக்கையோட சேத்து அணைச்சு, உக்கார வச்சுத்தான் கழுத்தை அறுக்கணும். கழுத்து அறுந்த பிறகும் காலு நிக்காது. அந்தச் சுவத்தைப் பாருங்க, சிமெண்ட்டு பேந்து கிடக்குதில்ல? செத்த பறவை உதைச்சது அது. அப்ப உயிரோட இருக்கிறது உதைச்சா? அதான் முன்னால போகவே கூடாதும்பேன். உதை எல்லாம் முன்பக்கமாத்தான் வரும், நகம் கத்தி மாதிரி. நீங்க என்னடான்னா நேரா அது மூஞ்சிக்கு முன்னால நடந்து, போதாததுக்கு முட்டை மேல வேற காலை வச்சுட்டீங்க. அங்க பாருங்க, வைக்கோல்ல ஒழுகுது. உள்ள குஞ்சுக்கு உருவம் வந்துடுச்சு.

சும்மா விடுமா அது? பொட்டை முட்டையப் போட்டுட்டு அது பாட்டுக்குப் போயிடும். ஆண்தான் அடைகாக்கும். தின்னாது, தண்ணி குடிக்காது, எலும்பு தெரியற வரைக்கும் எழுந்திருக்காது. அப்பன்னா அதுதான் அப்பன்.

உங்க செல்போனா? அது முட்டைக்குப் பக்கத்துல விழுந்து கிடக்கு. போய் எடுக்கிறீங்களா? முடியாதில்ல. அப்ப பேசாம படுங்க, ஆம்புலன்ஸெல்லாம் கூப்பிடலாம். கொழுப்பை உருக்கி எண்ணெய் எடுக்கிறவ நான், எனக்கு அவசரம்னாலே ஆகாது. சின்னத் தீயில வச்சுக் கிண்டிக்கிட்டே நிக்கணும். தீயைக் கூட்டினா கருகிடும், அந்த நாத்தம் எத்தனை தடவை வடிகட்டினாலும் போகாது. உங்க விஷயத்துலயும் அப்படித்தான், தீயைக் கூட்டாமயே இருந்துட்டேன்.

முதல்ல மணிக்கட்டு வீங்கி வந்தா எம்மக. பாத்ரூம்ல வழுக்கிடுச்சும்மான்னா. தடவிவிட்டேன். அப்புறம் கன்னம். கதவு இடிச்சிடுச்சாம். அடுத்து முதுகு, அதுவும் கதவாம். உங்க வீட்டுக் கதவெல்லாம் எம்பொண்ணைத் தேடிக்கிட்டே திரியுதாடின்னு கேட்டேன். சிரிச்சா மாப்பிள்ளை. உதடு கிழிஞ்சிருந்துச்சு, அதோட சிரிச்சா. கழுத்துல விரல் பதிஞ்சிருந்தப்பதான் அவளுக்குச் சொல்றதுக்குக் கதவு கிடைக்கல. அதுக்கும் இதே எண்ணெயைத்தான் தடவினேன். தடவத் தடவ என் கை உங்க கை அளவை மனப்பாடம் பண்ணிடுச்சு. தடவிவிட்டு, சீவி முடிச்சு, பஸ் ஏத்தி உங்ககிட்டயே அனுப்பி வச்சேனே, என்னைத்தான் முதல்ல செருப்பால அடிக்கணும்.

போன வாரம் வந்தா. கட்டியிருந்த துணியெல்லாம் ரத்தம். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வாசல்லயே உக்காந்துட்டா. ஆஸ்பத்திரியில குழந்தை போயிடுச்சுன்னு நர்ஸம்மா வந்து சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தா. சட்டையை இஸ்திரி போட்டு வைக்கலன்னு கீழ தள்ளி, வயித்துல உதைச்சீங்களாமே? இல்லைன்னு தலையாட்டாதீங்க, முடிச்சு தளருது. அன்னிக்கும் பழக்கதோஷத்துல பாட்டிலை எடுத்துட்டுப் போயிட்டேன். கட்டில் பக்கத்துல மூடியைத் திறந்துட்டு நிக்கிறேன், எங்க தடவுறது? வயித்து மேல தடவினா, உள்ள இருந்து யாரு கேக்கப்போறா? மூடிட்டு வந்துட்டேன். அந்தப் பாட்டில்தான் இது.

அவ பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க, வீட்டுக்குள்ள யாரும் இல்ல. காலையிலயே வண்டி ஏத்தி அனுப்பிட்டேன். எங்கன்னு கேக்காதீங்க, நான் பொய் சொல்லிப் பழகாதவ.

ஆமா, போன்ல வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன். நீங்க ஆசையா வரணும்ல? முன் கேட்டுப் பூட்டு துருப்பிடிச்சுத் திறக்கலன்னும் சொன்னேன். சரி, ஒரு பொய் சொல்லியிருக்கேன். பூட்டுல ஒரு கோளாறும் இல்ல. கொட்டகை வழியா வாங்கன்னு உங்ககிட்ட சொல்லிட்டு, அந்தக் கூண்டுல இருந்த முட்டைங்களை மடியில கட்டிட்டு வந்து இந்த நடைபாதையில வச்சேன். முட்டை எங்க போகுதோ அது பின்னாலயே வந்துடுச்சு, பாவம்.

சரி சரி, அழாதீங்க. ஆம்புலன்ஸ் வரும், தைப்பாங்க, பிழைச்சுக்குவீங்க. எம்மகளை உதைச்சுப் போட்டவர் செத்துப்போகணும்னு எனக்கில்ல. இனிமே எந்தப் பொண்ணு மேலயும் காலைத் தூக்கக் கூடாது, அவ்வளவுதான். அதான் ஆஸ்பத்திரியில வச்சே கேட்டுக்கிட்டேன், எந்தக் காலால உதைச்சாருன்னு. வலது காலும்மான்னா.

இது இடது. பறவைக்கு என்ன தெரியும், கிடைச்சதைக் கிழிச்சிருச்சு.

கொஞ்சம் இப்படித் திரும்பிப் படுங்க மாப்பிள்ளை, அது தலையில மாட்டின சாக்ஸைக் கழட்டப்போறேன்.