மாப்பிள்ளையின் காட்டேரி

எனக்கு மீன் அவ்வளவாகப் பிடிக்காது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பாஸ்டர். வஞ்சிரம் என்றால் ஒரு துண்டு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அப்படிப்பட்டவன் இத்தனை மாதமாகத் தினமும் வாசலில் நின்று மீன் வாங்கினேன் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும். மீன்காரி தனம் உங்களிடம் வந்து என்னவோ சொல்லியிருக்கிறாள். அதனால்தான் ஆராதனை முடிந்ததும் என்னை மட்டும் இருக்கச் சொன்னீர்கள். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் அவள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவள், அவளுக்குப் பாதிதான் தெரியும். நானே ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

என் மகள் ஹெப்சி பிள்ளைப்பேற்றுக்கு ஊரப்பாக்கம் வந்தபோது மாப்பிள்ளை ஜேசனும் கூடவே வந்தான். அவன் வீடு கீழ்க்கட்டளை. ஆனால் ஆபீஸ் வண்டலூரைத் தாண்டி இருப்பதால் எங்கள் வீடு அவனுக்குத் தோதாகப் போயிற்று. தங்கமான பையன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான், என் மனைவி கிருபாவின் சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்குவான். ஒரே ஒரு பழக்கம்தான் உண்டு. ஆபீஸ் விட்டு வந்ததும் இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு விளையாட்டுக் கருவியைத் தூக்கிக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிடுவான்.

அதில் ஒரு கோட்டை. கோட்டை நிறைய ரத்தக்காட்டேரிகள். அவர்களுக்கெல்லாம் தலைவனாக வெள்ளை முகத்தோடு ஒரு பிரபு. இவர்களை ஒவ்வொருவராக வெட்டிக்கொண்டு மேலே மேலே போகிற வேட்டைக்காரி ஒருத்தி. ஆட்டம் தொடங்கும்போது அவளுக்கு நாமே பெயர் வைக்க வேண்டுமாம். இவன் ஆசையாக ‘ஹெப்சி’ என்று வைத்திருந்தான்.

கிருபாவுக்கு இது ஒப்பவில்லை. "சபைச் செயலாளர் வீட்டு ஹாலுல காட்டேரி பறக்குது. ஆம்பளை நீங்க, என்னன்னு ஒரு தடவை பாக்க மாட்டீங்களா?" என்றாள். பாருங்கள், ஆரம்பித்து வைத்தது நான் இல்லை.

விடியற்காலையில் எழுந்து தண்ணீர் மோட்டார் போடுவது எங்கள் வீட்டில் என் வேலை. மோட்டார் ஓடும் சத்தத்தில் வேறு எந்தச் சத்தமும் உள்ளே கேட்காது. ஒரு நாள் அந்த நேரத்தில் கருவியை எடுத்துப் பார்த்தேன். ஆராய்ச்சிக்காகத்தான். ஒரு பொருளில் தீமை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டுமானால் அதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டாமா? அன்றைக்கு மேல்நிலைத் தொட்டி நிரம்பி, வழிந்து, பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி அம்மாள் கத்திக் கூப்பிட்ட பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

கேட்டு வாங்கி ஆடியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். யாரிடம் கேட்பது? மாப்பிள்ளையிடமா? முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து, பிள்ளைகள் கையிலிருந்த பம்பரத்தையும் கோலியையும் பிடுங்கி வைத்தவன் நான். என் மகளுக்குச் சங்கிலி போட்டுக் கட்டிக்கொடுத்த வீட்டுப் பையனிடம் போய், "மாப்பிள்ளை, அந்தக் காட்டேரியைக் கொஞ்சம் குடுங்க, ஆடிட்டுத் தரேன்" என்று எந்த மாமனாராவது கேட்பானா? அவன் தரமாட்டான் என்பதில்லை. சிரித்துக்கொண்டே தந்துவிடுவான். அதைத்தான் தாங்க முடியாது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த ஆட்டத்தை ஒரே ஓர் இடத்தில்தான் சேமித்து வைக்க முடியும். நான் காலையில் கோட்டைக்குள் எவ்வளவு தூரம் போகிறேனோ, அங்கேதான் ஜேசன் சாயங்காலம் நிற்க வேண்டியிருக்கும். முதலில் எனக்கு இது தெரியாது. தெரிந்தபோது கொஞ்ச தூரம் போய்விட்டிருந்தேன்.

ஜேசன் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வெள்ளி வாள் ஒன்று இருந்தது. அதைக் கடையில் விற்றது நான்தான். வேட்டைக்காரி பனியில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள், பாஸ்டர். பெயரோ ஹெப்சி. நிஜ ஹெப்சியோ உள்ளே ஏழு மாதக் கர்ப்பிணியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். பெற்ற மனசு கேட்குமா? வாளைக் கொடுத்துவிட்டு அவளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினேன். கம்பளி வைத்தது.

அன்று சாயங்காலம் ஹாலில் ஜேசனின் குரல் கேட்டது. "ஹெப்சி, என் வாள் எங்க?"

"என்னைக் கேட்டா? சமையல்கட்டுல இருக்கான்னு பாரு."

"விளையாடாத. யாரோ வித்துட்டு பூட்ஸ் வாங்கி வெச்சிருக்காங்க."

"இந்த வீட்டுல உன்னை விட்டா யாரு இதைத் தொடுறாங்க? அப்பாவா? அம்மாவா? நீயே தூக்கக் கலக்கத்துல வித்திருப்ப."

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என்னைச் சந்தேகப்படுவதற்கு அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவே இல்லை. அதுதான் இத்தனை வருஷ ஒழுக்கத்தின் பலன். அதை ஒரு பூட்ஸுக்காகக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் தன்னால் நடந்தது. ஜேசன் தூங்கப் போகும்போது வேட்டைக்காரியைக் கோட்டை வாசலில் நிறுத்திவிட்டுப் போவான். மறுநாள் பார்த்தால் அவள் மணிக்கூண்டில் நிற்பாள். அவன் தாம்பரத்தில் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தான். தூக்கத்தில் எழுந்து சமைப்பவர்கள்கூட உண்டு என்று சொல்லி அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்டதும் ஜேசன் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினான். எனக்கும் நிம்மதியாக இருந்தது, நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்க வரமாட்டான் அல்லவா. அந்த வாரம் கோட்டையின் கல்லறைத் தோட்டம் முழுவதையும் முடித்தேன்.

கிருபா விடவில்லை. கருவியை முறுக்கு டப்பாவுக்குள் போட்டு மூடி, மூடியின் மேல் நீங்கள் கொடுத்த ஜெப எண்ணெயால் சிலுவை வரைந்து வைத்தாள். மறுநாள் காலையில் சிலுவை அழிந்திருந்தது. டப்பாவைத் திறந்தால் அழியத்தான் செய்யும். கையில் ஒட்டிய எண்ணெயைத் தலையில் தடவிக்கொண்டேன், வீணாக்கவில்லை. ஆனால் கிருபா போட்ட சத்தத்தில் தெருவே எழுந்துகொண்டது. மாத்திரை போட்டுக் கட்டைபோலக் கிடந்தவன் எழுந்து வந்திருக்க முடியாது, அப்படியானால் வந்தது யார் என்று அவள் கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் தனம் என்னைப் பார்த்தது. கோவளத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வருகிறவள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"இன்னா சார், வூட்ல அல்லாரும் தூங்கினுகீறாங்கோ. நீ மட்டும் குந்திகினு இன்னாமோ நோண்டினுகீறே?"

அவள் என்னை மிரட்டவில்லை. எதையும் கேட்கவும் இல்லை. நானாகத்தான் ஒரு கிலோ சங்கரா வாங்கினேன். மறுநாள் கவலை மீன். அதற்கு மறுநாள் நெத்திலி. வீட்டில் எல்லோருக்கும் மீன் அலுத்துப்போய்விட்டது. ஆனால் கர்ப்பிணிக்கு மீன் நல்லது என்று நான் சொன்னதும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே தனம் சொன்னாள். "பாவம் சார் அந்தப் புள்ள. மூஞ்சியே கருத்துப் பூட்ச்சு. நான்தாம்ப்பா அதுன்னு ஒரு வார்த்தை சொன்னா உனுக்கு இன்னா கொறஞ்சா பூடும்?"

மீன்காரிக்கு எல்லாம் எளிதாகத் தெரிகிறது. நான் பாக்கெட்டைத் தடவிக்கொண்டே, "நண்டு இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் சொன்னது பொய்யில்லை. பையன் இளைத்துவிட்டான். ஒரு சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமா, எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்று கேட்டான். "தூக்கத்துல என்ன பண்றேன்னே எனக்குத் தெரியல. நாளைக்குப் பாப்பா பொறந்தா, அதைத் தூக்கி எங்கயாவது வெச்சுட்டேன்னா?" எனக்குக் கண் கலங்கிவிட்டது, பாஸ்டர், சத்தியமாகச் சொல்கிறேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மாத்திரையை விடாமப் போடுங்க மாப்பிள்ளை, எல்லாம் சரியாயிடும்" என்று சொன்னேன். சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அப்போது நான் கோட்டையின் மூன்றாம் மாடியில் இருந்தேன்.

பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். உங்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவனைப் பார்த்ததுமே, இது ஆவியின் கிரியைதான் என்று உறுதியாகச் சொன்னவர் நீங்கள். நான் செயலாளர், போதகரை மறுத்துப் பேசுவது முறையில்லை. சபையார் ஹால் நிறைய உட்கார்ந்திருக்க, அவன் தலையில் கை வைத்து, "நீ எப்ப உள்ள வந்த?" என்று அதட்டினீர்கள். பயந்துபோன ஜேசன், "இப்பதான் பாஸ்டர், ஆறு மணி வண்டியில" என்றான். யாரும் சிரிக்கவில்லை. முடிவு ஜெபத்தை நான்தான் ஏறெடுத்தேன். அன்றைக்குப் போல நான் உருக்கமாக ஜெபித்ததே இல்லை என்று கிருபா இன்றும் சொல்லுவாள்.

ஜெபம் முடிந்ததும் ஜேசன் அந்தக் கருவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். "நீங்களே உங்க கையால உடைச்சிருங்க மாமா. உங்களைத்தான் நான் நம்புறேன்."

மொட்டை மாடிக்குப் போய்ச் சாக்குப்பையில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். கீழே எல்லோருக்கும் சத்தம் கேட்டது. நான் உடைத்தது எங்கள் பழைய டிவி ரிமோட்டை. அந்தத் துண்டுகளைத்தான் அடுத்த ஞாயிறு நீங்கள் பீடத்திலிருந்து தூக்கிக் காட்டிப் பிரசங்கம் செய்தீர்கள். ஒரு துண்டில் வால்யூம் என்று எழுதியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை, நல்ல பிரசங்கம்.

அதோடு ஜேசன் தெளிந்துவிட்டான். பெண் குழந்தை பிறந்தது. மாத்திரையை நிறுத்தினான், கன்னத்தில் சதை வைத்தது, ஹெப்சியின் முகத்திலும் சிரிப்பு வந்தது. நான் செய்ததால் ஒரு குடும்பம் ஜெபத்துக்குத் திரும்பியது என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

ஆனால் குழந்தை விடியற்காலையில் அழுதது. ஹெப்சிக்கு அந்த நேரத்தில்தான் கண் அசரும். அதனால் ஜேசன் எழுந்துவருவான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடப்பான், எதையோ மெல்லப் பாடுவான். பார்க்க அழகாகத்தான் இருக்கும். தினமும் அதே நேரம், அதே ஹால். நான் மோட்டாரைப் போட்டுவிட்டு, இடுப்பு வேட்டிக்குள் கருவியைச் செருகிக்கொண்டு, சும்மா நிற்பேன். மாடியில் போய் ஆடலாம் என்றால் கொசு பிடுங்குகிறது. பிரபுவின் அறை வாசல்வரை போய்விட்டேன், பாஸ்டர். என் மகள் பெயர் கொண்டவள் அந்த வாசலில் வாரக்கணக்கில் நின்றுகொண்டிருந்தாள்.

ஜேசனின் ஆபீஸ் ஷூ ஒன்றை எடுத்து ஃப்ரிட்ஜில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவ்வளவுதான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் மறுநாள் அவனுடைய ஆபீஸ் அடையாள அட்டையைக் குழந்தையின் தூளிக் கயிற்றில் மாட்டிவைத்தேன்.

அதைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்ததே, அதை நான் மறக்க மாட்டேன். கிருபாவைப் பார்த்து, "அத்தை, இனிமே பாப்பாவை என்கிட்ட குடுக்காதீங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க" என்றான். குழந்தை அவன் பக்கம் கையை ஆட்டியது. அவன் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டான். நான் பாத்ரூமுக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அன்றிலிருந்து மறுபடியும் மாத்திரை போடுகிறான்.

அவனிடம் எப்போது சொல்லப்போகிறேன் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்லாமல் இருப்பேனா? பிரபுவுக்கு இன்னும் கால்வாசி உயிர்தான் பாக்கி. அது தீர்ந்த அன்றே அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். எனக்கு அந்த ஆட்டத்தின் மேல் ஆசையெல்லாம் கிடையாது, தனம்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். இப்போது மாப்பிள்ளை நன்றாகத் தூங்குகிறான், மகளும் தூங்குகிறாள். விடியற்காலையில் பேத்தியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சிரமமே இல்லை, பாஸ்டர். தூளியைக் காலால் ஆட்டினால் போதும், கை இரண்டும் சும்மாதானே இருக்கிறது.