சொர்ணத்தம்மாளை மூழ்கடித்தது யார்?

தலைமை நாற்காலியில் தகைமையோடு வீற்றிருக்கும் ஷேக் அலாவுதீன் பெருந்தகை அவர்களே, அவருக்கு வலப்புறம் அமர்ந்திருக்கும் இந்த வாசகசாலையின் செயலாளர் ராமசாமி அவர்களே, டத்தோ கிராமாட்டிலிருந்து வெள்ளை வேட்டி சலசலக்க வந்திருக்கும் பெரியோர்களே, சுங்கை பினாங்கிலிருந்து வெயிலில் நடந்து வந்த தோழர்களே, பாகான் டாலாமிலிருந்து கடல் தாண்டி வந்த உறவுகளே, எல்லோருக்கும் முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டிய, இடப்புறப் பாயில் இடைவெளியின்றி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் தொங்கான்காரன் நல்லமுத்துவின் பணிவான கும்பிடு.

பின்வரிசை அன்பர் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "கைநாட்டு ஆளு, புத்தகத்தப் பத்திப் பேச வந்துட்டாரு லா" என்றார். சரியாகத்தான் சொன்னார். கப்பலில் வந்த சரக்கைத் தொங்கான் படகில் இறக்கிக் கரை சேர்ப்பதில் முப்பத்தாறு வருஷம் கழித்தவன் நான். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கேட்டதை மறக்கத் தெரியாது. கேட்டதை நம்பவும் எனக்கு அவ்வளவு சீக்கிரம் தெரியாது. சந்தேகம் என்பது என் உடம்போடு பிறந்தது, ஐயா. ஈர மூட்டையைக் காய்ந்த மூட்டை என்று ஏற்றிவிடுகிற உலகத்தில் வளர்ந்தவன் வேறு எப்படி இருப்பான்?

இன்று இந்தச் சபை முடிவு செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று. ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்கு நமக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் ஆசிரியை தனலெட்சுமி அம்மையாரை அந்த வேலையிலிருந்து விலக்குவதா, வேண்டாமா? அவர் விலகினால் அவரை நம்பி வரும் இந்தத் தாய்மார்கள் பாயும் சுருட்டப்படும். அவர் மேல் புகார் கொடுத்தவன் யார்? வேறு யாரும் இல்லை. நான்தான்.

எதற்காகக் கொடுத்தேன்? சொர்ணத்தம்மாளுக்காகக் கொடுத்தேன்.

'சொர்ணத்தம்மாள் சரித்திரம்' என்கிற நாவலை இந்தச் சபையில் கேட்காத காது உண்டா? ஒன்பது வருஷங்களுக்கு முன்னால் ராமசாமி அவர்கள் வாசித்தார். அப்போது வாசிப்பவர் அவர்தான். பதினோரு வருஷம் அவர்தான். என்ன குரல், என்ன கம்பீரம், என்ன ஏற்றம், என்ன இறக்கம். சொர்ணத்தம்மாள் இளம் விதவை. கொழுந்தன்மார் வீட்டில் குறுகிக் கிடந்து, ஒருநாள் நாகப்பட்டினத்தில் யாருக்கும் சொல்லாமல் கப்பல் ஏறுகிறாள். நடுக்கடலில் புயல். கப்பல் கவிழ்கிறது. சொர்ணத்தம்மாள் மூழ்குகிறாள். அவள் தலைமயிர் அலையில் விரிந்து விரிந்து மறைந்ததை ராமசாமி அவர்கள் வாசித்தபோது, தாய்மார்கள் பக்கம் முந்தானை எடுக்காத கை இல்லை. நானும் அழுதேன். வீட்டை விட்டுப் போகிறவளுக்கு வேறு என்ன முடிவு என்று எண்ணிக்கொண்டே அழுதேன்.

போன வருஷம் ராமசாமி அவர்களுக்குக் கண் மங்கியது. செயலாளர் ஆனார். வாசிப்பு தனலெட்சுமி அம்மையாரிடம் வந்தது. அவரும் அதே புத்தகத்தை எடுத்தார், தாய்மார்கள் கேட்டுக்கொண்டதால். கடைசி அத்தியாயம் வந்தது. புயல் வந்தது. கப்பல் ஆடியது. ஆனால் கவிழவில்லை. சொர்ணத்தம்மாள் பினாங்கில் இறங்குகிறாள், தையல் தைத்துப் பிழைக்கிறாள், தன் பெயரில் கடை வைக்கிறாள், அண்ணனுக்குக் கடிதம் போடுகிறாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? செத்தவளை எழுப்பி உட்கார வைத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அன்றைக்கு நான் இன்னொன்றையும் கவனித்தேன். ராமசாமி அவர்கள் கடைசி அத்தியாயத்தை வாசித்தபோது ஏடு புரண்ட ஓசை ஐந்து முறை. தனலெட்சுமி அம்மையார் வாசித்தபோது பதினான்கு முறை. படிக்கத் தெரிந்தவனுக்கு இது தோன்றாது. தெரியாதவனுக்குத்தான் தோன்றும். ஒன்பது ஏடு கூடிவிட்டது. இந்த அம்மாள் தானே எழுதி, தானே அச்சடித்து, புத்தகத்துக்குள் ஒட்டிவிட்டார். இப்படித்தான் நான் முடிவு கட்டினேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்று என்னோடு சேர்ந்து தலையாட்டியவர்களும் இங்கேதான் இருக்கிறீர்கள்.

புகார் கொடுத்த மறுநாள், புகாரை ருசுப் பண்ணுவதற்காகப் புத்தகத்தைக் கேட்டேன். அந்த அம்மையார் உடனே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "கொண்டு போங்க ஐயா. யாருகிட்ட வேணும்னாலும் காட்டுங்க" என்றார். இவ்வளவு சுலபமாகக் கொடுத்ததே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

சூலியா தெருவில் புத்தகம் கட்டும் சிக்கந்தரிடம் போனேன். அவர் முதுகுத்துணியை விலக்கி, தையலை விரல் நகத்தால் தடவி, ஏட்டை வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்துகூடப் பார்த்தார். "அண்ணே, நூலு ஒரே நூலு. காகிதம் ஒரே காகிதம். நடுவுல யாரும் கை வைக்கல லா" என்றார். வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தார். கப்பல் கவிழவில்லை.

நம்பினேனா? இல்லை. சிக்கந்தரின் மகள் தனலெட்சுமி அம்மையாரிடம் படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே தனலெட்சுமி அம்மையாரின் முகம்கூடத் தெரியாத ஒருவரைத் தேடினேன். ஹபீப் முகம்மது அவர்களின் துணைவியார் சித்தி ஹாஜரா தமிழ் நன்றாக வாசிப்பார் என்று சொன்னார்கள். போனேன். நான் வாசலில், அவர் திரைக்குப் பின்னால், அவர் கணவர் நடுவில். கதையை முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்த ஏட்டிலிருந்து வாசியுங்கள் என்று மட்டும் சொன்னேன். திரைக்குப் பின்னாலும் கப்பல் கவிழவில்லை. ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.

அப்போதும் முழுக்க நம்பாமல்தான் திரும்பினேன். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. சொர்ணத்தம்மாள் பினாங்கில் எப்படி இறங்குகிறாள் தெரியுமா? கப்பல் துறையில் நிற்கிறதாம், பலகை போடுகிறார்களாம், அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே பஜாருக்கு நடக்கிறாளாம். பெரியோர்களே, கப்பல் டெக்கில் வந்தவர்கள் கை தூக்குங்கள். உங்களில் யாராவது நோய் பார்க்க நிறுத்திவைக்கும் ஜெரெஜாக் தீவில் இறங்காமல் நேரே பஜாருக்கு நடந்ததுண்டா? மருந்துத் தண்ணீர் நாற்றம் மூக்கை விட்டுப் போக எத்தனை நாள் ஆயிற்று? துணியை அவித்துக் கொடுத்தார்களே, மறந்துவிட்டதா? தனலெட்சுமி அம்மையாரின் தகப்பனார் ஜெரெஜாக்கில் பன்னிரண்டு நாள் கிடந்தவர். இந்த ஊர்ப் பெண் இட்டுக்கட்டியிருந்தால் அந்தத் தீவை விட்டிருப்பாளா? பினாங்கைக் கண்ணாலும் காணாத யாரோ ஒரு மதராஸ்காரர், மேசையில் உட்கார்ந்து எழுதிய தப்பு அது. அந்தத் தப்புத்தான் எனக்குச் சாட்சி. புத்தகம் பேசியதைத்தான் அந்த அம்மையார் பேசினார்.

அப்படியானால், சொர்ணத்தம்மாளை மூழ்கடித்தது யார்?

வியாழக்கிழமை ராமசாமி அவர்களின் ஜவுளிக்கடைக்குப் போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி. "அண்ணே, பொம்பளைங்க உக்காந்து கேக்குறாங்க. ஒருத்தி வீட்ட விட்டுப் போயி நல்லா இருந்தான்னு படிச்சா, நாளைக்கு நம்ம வீடு என்னாகும்? நல்லதுக்குத்தான் நானா முடிச்சு வச்சேன்" என்றார். யாருடைய நல்லதுக்கு என்று கேட்டேன். அவர் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் அவர்களே, குனியாதீர்கள். உங்கள் குரலுக்கு நான் அடிமை. அதனால்தான் கேட்கிறேன். பதினோரு வருஷம் வாசித்தீர்களே, மன்னித்த ராஜாவை மன்னிக்க வைத்தது புத்தகமா, நீங்களா? தகப்பன் காலில் விழுந்த மகனை விழ வைத்தது புத்தகமா, நீங்களா? என் தலைக்குள் நாற்பது கதைகள் இருக்கின்றன. எது அச்சில் இருந்தது, எது உங்கள் வாயில் இருந்தது? யாரிடம் போய்ப் பிரித்துக் கொடுக்கச் சொல்வேன்?

இது கதைதானே, இதற்கு ஏன் இவ்வளவு என்று முன்வரிசையில் முகம் சுளிக்கிறீர்கள். சொல்கிறேன். அந்தப் பாயில், தூணோரம், என் தங்கை நவமணி இருக்கிறாள். முப்பத்திரண்டு வயதில் தாலி இழந்தவள். அவளுடைய நாத்தனார் சந்திரிகா தைப்பிங்கில் தையல் கடை வைத்திருக்கிறார். நீயும் வா, கூட்டாக நடத்துவோம் என்று ஆள் விட்டார். நவமணி என்னிடம் வந்து கேட்டாள். சொர்ணத்தம்மாள் மூழ்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் என்ன சொன்னேன்? "கேட்டியில்ல, போனவளுக்கு என்ன ஆச்சுன்னு?" என்றேன். அவ்வளவுதான். அவள் போகவில்லை. ஒன்பது வருஷம் என் வீட்டு அடுப்படியில் நின்றாள்.

இந்த வெள்ளிக்கிழமை நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"அண்ணே, எனக்கு அன்னைக்கே அந்த முடிவு மேல நம்பிக்க இல்ல" என்றாள்.

"அப்ப ஏன் புள்ள சொல்லல?"

"நீங்க நம்பிட்டீங்களே."

சபையோரே, ஊரில் எவனையும் நம்பாத நல்லமுத்து, மூட்டையை நம்பாத நல்லமுத்து, முத்திரையை நம்பாத நல்லமுத்து, தனக்குச் சௌகரியமான முடிவை மட்டும் உடனே நம்பினான். எனக்குப் பிடிக்காததை வாசித்தவர் மேல் புகார் கொடுத்தேன். எனக்குப் பிடித்ததை வாசித்தவருக்கு மாலை போட்டேன். இந்தச் சபையில் எனக்கு மட்டும்தானா இந்த நோய்?

தலைவர் அவர்களே, என் புகாரை எல்லோருக்கும் முன்னால் திரும்பப் பெறுகிறேன். அம்மா தனலெட்சுமி, என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கமாட்டேன். தொடர்ந்து வாசிக்க வேண்டும் என்று கேட்கிறேன். அதற்காக உங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட மாட்டேன். வாசிப்பவர் யாராக இருந்தாலும் அருகில் இன்னொருவர் அதே ஏட்டைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும். ஒரு வாரம் ஆண், ஒரு வாரம் பெண். விட்டால் சொல்லட்டும், சேர்த்தால் நிறுத்தட்டும். மூழ்கினால் மூழ்கட்டும், கரையேறினால் கரையேறட்டும். எங்களுக்கு நல்லது எது, கெட்டது எது என்று நாங்கள் கேட்டுவிட்டு யோசித்துக்கொள்கிறோம். யோசிப்பதற்கு எழுத்துத் தெரிய வேண்டுமா? கதைக்குக் காவல் போடுங்கள். கேட்பவர்களுக்குக் காவல் போடாதீர்கள்.

கை தட்டுவது பிறகு இருக்கட்டும். இன்னும் ஒன்று.

சந்திரிகாவுக்கு ஆள் விட்டுக் கேட்டாயிற்று. கடை இருக்கிறது, இடமும் இருக்கிறது என்று பதில் வந்துவிட்டது. நாற்பத்தொரு வயதில் நவமணி தைப்பிங் போகிறாள். இந்தக் கிழவன் மேடையில் நல்ல பேச்சுப் பேசிவிட்டு வீட்டில் வேறு மாதிரி நடப்பான் என்று உங்களில் சிலருக்குச் சந்தேகம் வரும். வர வேண்டும். நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதீர்கள். திங்கட்கிழமை காலை, தைப்பிங் ரயில் ஏறப் பிறைக்குப் போகும் பெர்ரித் துறைக்கு வந்து நில்லுங்கள். பெட்டி யார் தலையில் இருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், இடம் கொடுத்த தலைவருக்கும், இத்தனை வருஷம் கேட்டுவிட்டு வாய் திறக்காமல் இருந்த தாய்மார்களுக்கும் நன்றி கூறி, அவர்கள் இனிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, விடைபெறுகிறேன். வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.