மாமனாரின் வாட்ச்

என் பழைய கால்சட்டை எதுவும் இப்போது இடுப்பில் நிற்பதில்லை. தொந்தி அப்படிக் கரைந்துவிட்டது. அதற்கு என் மாமனார் நஞ்சப்பனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், ஐயா. சொல்லலாமென்றால் அவர் இல்லை.

மாரடைப்புக்குப் பிறகு சூலூரில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு வாட்ச் கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே நடக்க வேண்டும். நாடித்துடிப்பு கோயமுத்தூரில் பிரீத்திகா என்கிற பிசியோதெரபிஸ்ட்டின் திரைக்குப் போய்விடும். மாமா வாசலிலிருந்து தென்னைமரம் வரை போய் உட்கார்ந்துகொள்வார். "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணோணுமுங்க அண்ணா" என்பாள் அந்தப் பெண் என்னிடம். எனக்கு மானமே போயிற்று. அரியர் வைக்காமல் ஒரு பாடமும் தேறாதவன் நான். இதிலுமா?

வாட்சைக் கழற்றி என் கையில் கட்டிக்கொண்டேன்.

"ஏனுங் மாப்பிள்ளை, அது எனக்குக் குடுத்ததுங்களே?"

"இருக்கட்டுங்க மாமா, உங்களுக்குப் பாரம்."

கல்யாணத்தில் அவர் போட்ட வாட்சைத் தொலைத்தவன் நான். இதைக் குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. விடிந்ததும் நடந்தேன். "சூப்பருங்க அண்ணா, அப்பாவுக்கு நல்ல முன்னேற்றம்" என்றாள் பிரீத்திகா. என் மனைவி நந்திதா சொந்தக்காரர்களிடமெல்லாம், "பெத்த பையன்கூட இப்படிப் பாத்துக்க மாட்டானுங்க" என்றாள். நான் அடக்கமாகச் சிரித்தேன். அடக்கம் எனக்கு நன்றாக வரும்.

என் நாடியை நம்பி பிரீத்திகா அவருக்குப் படியேறும் பயிற்சி கொடுத்தாள். வீடியோ காலில் அவர் ஏற, நான் கீழே போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாட்ச் என் முழுக்கைச் சட்டைக்குள். பாதியில் சுவரைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"அப்பா, மூச்சு வாங்குதுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். "பரவால்லீங்க அம்மணி."

எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்பது ஒன்று. எனக்காக நீங்கள் சங்கடப்பட வேண்டாம் என்பது இன்னொன்று. அவர் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணா, துடிப்பு நார்மலாத்தான் இருக்குது. தொடரலாமுங்களா?"

"இன்னும் நாலு படிதானுங்க மாமா" என்றேன். மாப்பிள்ளை சொல்லைத் தட்டாத மனிதர். ஏறினார். உச்சிப்படியில் சரிந்தார்.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. கல்நெஞ்சன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அன்றைய பதிவைப் பிரீத்திகா உங்களுக்கும் காட்டியிருப்பாள். அவர் விழுந்த நேரத்தில்கூடத் துடிப்பு கொஞ்சமும் ஏறவில்லை. அவ்வளவு நல்ல இதயம் எனக்கு.