பீரங்கியார் கழற்றிக் கொடுத்த ஃபில்டர்

மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, வேலை உடுப்போடு தோட்டத்திலிருந்து நேரே வந்திருக்கும் ஓட்டுநர்களே, முன்வரிசையில் இருக்கும் பீரங்கியாரின் மனைவியே, இந்த இரங்கல் கூட்டத்தில் எல்லோருக்கும் வணக்கம். எனக்கும் நாற்காலி போட்டிருக்கிறீர்கள். நன்றி, வேண்டாம். நான் கான்வென்ட்டில் படித்தவள். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி நின்று பேசத்தான் தெரியும்.

முதலில் ஒரு திருத்தம். சற்று முன் மேலாளர், "புகைதான் அவரைக் கொண்டுபோய்விட்டது" என்றார். யாருடைய புகை? பீரங்கியார் பீடியைக் கையால் தொட்டவர் அல்ல! அவர் இழுத்த புகை டிராக்டரின் டீசல் புகை. அவர் இழுத்த தூள் நம் திராட்சைக் கொடிகளுக்குத் தூவிய கந்தகத் தூள். அவர் இழுத்த பனி பூஞ்சை மருந்தின் பனி.

என் கணவர் இறந்த பிறகு மருந்துக் கிடங்கை என் பொறுப்பில் விட்டார்கள். பெரிய விசிறி வைத்து மருந்தை வீசியடிக்கும் இயந்திரத்துக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் பீரங்கி. அதை இழுத்துக்கொண்டு கொடி வரிசைக்குள் நுழைய மற்றவர்கள் தயங்கினார்கள். இவர் ஏறி உட்கார்ந்தார். அன்று முதல் இவரும் பீரங்கி. 'யார்' சேர்த்தது நான். மரியாதையை அரைகுறையாகக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

மாஸ்க் சரியாகப் பொருந்தாதவருக்கு நான் மருந்து தர மாட்டேன். "அக்கா, உங்ககிட்ட மருந்து வாங்குறதுக்குப் பொண்ணு கேட்கப் போறதே ஈஸி" என்றார் ஒருநாள். "முதல்ல தாடிய எடுங்க தம்பி. தாடி இருந்தா மாஸ்க்கும் ஒட்டாது, பொண்ணும் ஒட்டாது" என்றேன். மறுநாள் மழமழவென்று வந்து நின்றார். அப்புறம் அவரைக் கட்டிக்கொண்ட பெண் இதோ முன்வரிசையில், அழுகைக்கு நடுவே சிரிக்கிறாள். சிரிக்கட்டும்!

பிறகு கண்ணாடிக் கேபின் வைத்த டிராக்டர் வந்தது. உள்ளே வரும் காற்றைக் கரி ஃபில்டர் சுத்தம் செய்யும், இனி மாஸ்க் எதற்கு என்றார்கள். நம்பினோம். ஆனால் மாற்று ஃபில்டர் வரவேயில்லை. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? டயருக்குக் காற்றடிக்கும் குழாயால் ஊதி, பழையதையே மாட்டினார்கள். தூசி பறந்து பளிச்சென்று ஆகிவிடும். கரி குடித்த மருந்து அப்படிப் பறக்குமா? ஒருநாள் டிராக்டர் கம்பெனி மெக்கானிக் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்: "என்னங்க, இதென்ன மாவு சல்லடையா? கரியில மருந்து நிறைஞ்சா அப்புறம் எதையும் பிடிக்காது. தூக்கிப் போடுங்க!"

அன்றே பீரங்கியார் புது ஃபில்டர் கேட்டு மேலாளர் அறைக்குப் போனார். கிடைத்த பதில் என்ன? "பார்க்கச் சுத்தமாத்தானே இருக்கு? இந்த அறுவடை முடியட்டும்." அறுவடை முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. பீரங்கியாரின் மூச்சும் முடிந்தது!

கடைசியாக மருத்துவமனைக்குப் போகும் வழியில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். மடியில் ஒரு செய்தித்தாள் பொட்டலம். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "அக்கா, இத நான் கழட்டிட்டேன். அங்கேயே இருந்தா ஊதி மாட்டி, என் மச்சானை ஏத்திவிட்ருவாங்க. உங்ககிட்ட வந்து கேட்க எவனுக்கும் தைரியம் வராது."

தைரியம் வந்தது, தம்பி. நேற்று ஆள் அனுப்பிக் கேட்டார்கள். திங்கட்கிழமை மருந்தடிப்பு என்று அலுவலகப் பலகையில் எழுதியிருக்கிறது. அதே டிராக்டர். ஓட்டப்போவது அதே மச்சான்.

இதோ அந்தப் பொட்டலம். பிரித்து மேடையில் வைக்கிறேன். மேலாளர் அவர்களே, சுத்தமாகத்தானே இருக்கிறது? இதில் முகம் வைத்து ஒரே ஒரு மூச்சு இழுங்கள் பார்க்கலாம். அவர் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன்.

ஏன் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறீர்கள்?

எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா? அப்படியானால் நம் உறுதிமொழி சுலபம். புது ஃபில்டர் வந்து, அதை நாம் கண்ணால் பார்த்து மாட்டும்வரை அந்த டிராக்டரில் ஒருவரும் ஏறப்போவதில்லை. பீரங்கியார் தொடங்கியதை நாம் முடிப்போம். அவர் படத்துக்குப் பூ வைப்பது அதற்குப் பிறகு.

மச்சான் தம்பி, எழுந்து நில். திங்கட்கிழமை ஏறுவாயா?

மாட்டாயா? கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்.